தேருக்குப் போகாதவர்கள்

1

திருவிழா என்றதும் நமது கட்டுரையாளர்கள் பக்தினைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ரபெலாய் பற்றிய அவருடைய நூல் ரஷ்ய மொழியில் 1965இலும் ஆங்கிலத்தில் 1968இலும் வந்தது. தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு அது வந்துசேர மேலும் இருபது ஆண்டுகள் போல ஆயிற்று. வந்தபிறகு கூத்து, கொடை, கரகம், எருதுகட்டு எல்லாமே கார்னிவல் ஆகிப்போயின. மேல் கீழாகிறது, கீழ் மேலாகிறது, அதிகாரம் சிரிப்புக்கு இடமாகிறது, உடல் தன் எல்லையை மீறுகிறது என்று வாய்பாடு ஒப்பிப்பது போலச் சொல்லப் பழகிக்கொண்டோம். வாய்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய சாதாரணக் கேள்விகள் சில இருக்கின்றன. திருவிழாவுக்கு யார் யார் போனார்கள்? எதில் போனார்கள்? அவர்கள் போயிருந்தபோது வீட்டில் யார் இருந்தது?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சனங்களிடம் இதைக் கேட்டால் கோட்பாட்டுக்கு அகப்படாத பதில்கள் வருகின்றன. ‘குடும்பத்தோட தேருக்குப் போனோம்’ என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் கிண்டினால் அந்தக் குடும்பத்தில் பாதிப்பேர் போகவில்லை என்பது வெளியே வருகிறது. கிழவி போகவில்லை. தீட்டுக்காரி போகவில்லை. பச்சை உடம்புக்காரி போகவில்லை. மாடு பார்க்க ஒருத்தர் நின்றுகொண்டார். போனவர்களிலும் வண்டி ஓட்டியவன் ‘குடும்பத்தோட’ என்ற சொல்லுக்குள் வருகிறவன் இல்லை. இந்தச் சொல் யாரை உள்ளே வைத்திருக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ அது கிடைக்காது. மாட்டுக்கொட்டகையிலும் வண்டிப்பாதையிலும் தேட வேண்டிய வரலாறு அது.

2

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. மூலவர் என்று சங்கு சக்கரத்தோடு நிற்கிற சிலை அங்கே இல்லை. கல்தூண் ஒன்றுதான் பெருமாள். சனங்கள் கம்பம் என்பார்கள். தலபுராணம் சொல்லுகிற கதை இது: எங்கோ கட்டப்பட்ட கோயில் ஒன்றுக்காக வண்டியில் ஏற்றிப்போன தூண், அச்சு முறிந்ததால் வழியில் கிடந்துவிட்டது. பிறகு மங்கான் படையாட்சி என்பவருடைய சினைமாடு காணாமற்போனது. தேடித் தேடிக் கடைசியில் கன்றோடு அது அந்தத் தூணருகே நின்றதைக் கண்டார். தூணின்மேல் பால் சொரிந்திருந்தது.

பசு பால் சொரிந்து கடவுளைக் காட்டிக்கொடுக்கும் கதை தமிழ்நாட்டில் நூறு கோயில்களுக்கு உண்டு. எனவே அதை விட்டுவிடலாம். என்னை நிறுத்துவது அச்சு முறிந்த வண்டிதான். இந்த மண்ணில் கடவுள் வந்திறங்கியதே பாரவண்டி உடைந்ததால். கண்டுபிடிக்கப்பட்டதோ மாடு தொலைந்ததால். ஒரு மானாவாரிச் சம்சாரிக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற இரண்டு பயங்கள் இவை. இரண்டையும் சேர்த்துத் திரித்து ஒரு தெய்வத்தைச் செய்துகொண்டார்கள். வைணவ உரைமரபில் இந்தத் தெய்வத்துக்கு என்ன இடம் என்று எனக்கு ஆராயத் தோன்றவில்லை. வண்டியும் மாடும் உள்ள வீட்டில் அதற்கு இடம் இருந்தது, அது போதும்.

விழா ராமநவமியை ஒட்டி வருகிறது. பங்குனிக் கடைசியாகவோ சித்திரை முதலாகவோ இருக்கும். பத்து நாள் விழாவில் தேரோட்டத்தன்றுதான் பெருங்கூட்டம். காலத்தைக் கவனிக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல், மழையை நம்பிய நிலம். ஆடிக்குமேல் விதைப்பு, தை மாசியில் அறுப்பு. சோளம், கம்பு, வரகு, பருத்தி, மல்லி, மிளகாய் என்று ஒவ்வொன்றாய் வீடு வந்து, பங்குனியில் காடு வெறிச்சென்று கிடக்கும். அடுத்த மழைவரை மாட்டுக்கும் ஆளுக்கும் வேலை குறைவு. இன்னொன்று, மழைக்காலத்தில் இந்தக் கரிசல் வண்டிச் சக்கரத்தைக் குடத்தளவு விழுங்கிவிடும். காய்ந்த பிறகுதான் பாதை பாதையாகும். ஆகவே விழாவின் நாளை ராமன் பிறந்தது மட்டும் தீர்மானிக்கவில்லை. மண் இறுகியதும் சேர்ந்தே தீர்மானித்தது.

வண்டியில் என்ன போனது என்று பார்த்தால் ‘உல்லாசப் பயணம்’ என்று இன்று நாம் சொல்லும் சொல் அங்கே பொருந்தவில்லை. தானியம் போனது. விதைக்கும்போதோ, மாடு நோவில் விழுந்தபோதோ, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காதபோதோ நேர்ந்துகொண்டது. களத்தில் பொலி தூற்றியதும் முதல் மரக்கால் சாமிக்கு என்று தனியாக அளந்து மூட்டையில் கட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் பஞ்சம் வந்தால்கூட அந்த மூட்டையில் கைவைக்கப் பயம். கன்றுக்குட்டி நேர்ந்துவிட்டிருந்தால் அது வண்டிக்குப் பின்னால் கட்டப்பட்டு நடந்துவரும். கோயிலில் தானியம் கொட்டுவதற்கென்றே களஞ்சியங்கள் உண்டு. கொட்டியான பிறகுதான் மற்றதெல்லாம்: மொட்டை, பொங்கல், கட்டுச்சோறு, கடைத்தெரு, ராட்டினம்.

அங்கே தலைகீழாக எதுவும் ஆகவில்லை. எல்லாம் அளக்கப்பட்டது. கடன் கொடுத்தவரிடம் கடன் தீர்க்கப் போகிற முகத்தோடுதான் சம்சாரி அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தான். தீர்த்து முடித்த பிறகு முகத்தில் வருகிற தெளிச்சி இருக்கிறதே, அதற்கு அவன் வைத்த பெயர்தான் தேர். பக்தினின் கார்னிவல் நோன்புக்கு முன்னால் வருகிற கொழுப்பு. நம்முடையது அறுப்புக்குப் பின்னால் வருகிற பைசல். ஸ்டாலிபிராஸும் வைட்டும் 1986இல் வெளியிட்ட நூலில் பக்தினை மறுத்துச் சொன்னது இங்கே உதவும். சந்தையையும் களியாட்டத்தையும் பக்தின் பிரித்துவிட்டார், வணிகம் இல்லாத திருவிழா என்று ஒன்று ஐரோப்பாவில் எங்கும் இருந்ததில்லை என்பது அவர்கள் வாதம். அதை இன்னும் ஓரடி தள்ளி வைக்கலாம். இங்கே கணக்கு வழக்கு இல்லாத களிப்பு என்பதே இருந்ததில்லை.

இன்னொரு கணக்கு. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மூட்டையும் ஆளுமாக ஏற்றிய கட்டைவண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போனால் அதிகம். வெயிலில் மாடு நுரை தள்ளும் என்பதால் சாயங்காலம் பூட்டி ராமுழுக்க ஓட்டுவார்கள். போக ஒரு ராத்திரி, அங்கே ஒரு பகல், ஒரு ராத்திரி, திரும்ப ஒரு ராத்திரி. நாம் இன்று ‘ஒருநாள்’ என்று சொல்லும் அந்த நாள் மூன்று நாளாக இருந்தது. மூன்று நாள் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு யார் போக முடியும்? 

ரயிலை எதிர்பார்க்கவும் வழியில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை 1920களின் கடைசியில் போடப்பட்டபோது அரியலூருக்கு நிலையம் கிடைத்தது. பெரம்பலூருக்குத் தண்டவாளமே வரவில்லை. சாமி இருக்கிற ஊரில் ரயில், கும்பிடப் போகிற ஊர்களில் வண்டித்தடம் என்பதுதான் நிலை. நிர்வாக எல்லைகளும் கூத்தாடியிருக்கின்றன. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பச் சேர்ந்தது. 2007இல் மறுபடி பிரிந்தது. இத்தனைக்கும் நடுவில் தானிய மூட்டை போன வழி ஒன்றேதான்.

3

அரசு ஆவணங்கள் திருவிழாவை எப்படிப் பார்த்தன என்று தேடுகிறவருக்கு மூன்று தலைமுறைக் காகிதங்கள் கிடைக்கும். 1907இல் ஹெமிங்வே தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கெசட்டியர் முதலாவது. வெள்ளைக்காரத் துரைக்குத் திருவிழா, வரி, சந்தை, சாலை, சாதி என்கிற தலைப்புகளுக்கு இடையே ஊர்ப்பெயரோடு வந்துபோகிற ஒரு செய்தி.

இரண்டாவது, சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1939. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. அறிவிக்கை செய்யப்பட்ட விழா என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அங்கே குடிநீர், கழிப்பிடம், தொற்றுநோய் கண்டவரைத் தனியே வைக்க இடம் என்று ஏற்பாடுகள் செய்தாக வேண்டும். இதன் பின்னால் நிற்பது காலரா. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க யாத்திரைக்காரனின் உடல்தான் காலராவைச் சுமந்து போகிறது என்பது காலனிய மருத்துவத்தின் தீராத சந்தேகம். இங்கிலாந்தில் இதே காலகட்டத்தில் வேறு கதை. லண்டனின் பார்த்தலோமியூ சந்தை 1855இல் நின்றுபோனது. 1871இல் சந்தைகளை ஒழித்துக்கட்ட வழிசெய்து ஒரு சட்டமே வந்தது. குடி, சூது, ஒழுக்கக்கேடு என்பவை அங்கே காரணமாகச் சொல்லப்பட்டன. அங்கே ஒழுக்கத்தின் பேரால் மூடினார்கள், இங்கே பேதியின் பேரால் எண்ணினார்கள். நம்முடைய திருவிழாவை மூடுகிற தைரியம் அந்த அரசுக்கு இல்லை என்பதும் உண்மை.

மூன்றாவது, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி பி.கே. நம்பியார் பொறுப்பில் வந்த சந்தைகளும் திருவிழாக்களும் பற்றிய தொகுதி. அரிய உழைப்பு, அதில் சந்தேகம் வேண்டாம். வட்டம் வட்டமாக, ஊர் ஊராக, எந்தத் தெய்வம், எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு கூட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் உடையார்பாளையமும் திருச்சி மாவட்டத்து வட்டங்கள். இந்த மாதிரி ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு எவ்வளவோ எழுதலாம். ஆனால் அட்டவணைக்குக் கூட்டம்தான் தெரியும். கூட்டம் என்பது வந்துசேர்ந்தவர்களின் தொகை. வண்டி கிளம்பியபோது வாசலில் நின்றவரைச் சேர்த்துக்கொள்ள அதில் கட்டம் கிடையாது.

இது அட்டவணைக்காரரின் குறை மட்டும் இல்லை. கார்னிவல் பேசுகிற விமர்சகரும் கூட்டத்தைத்தான் பார்க்கிறார். அரசாங்கம் கூட்டத்தைப் பார்த்து பயந்தது, விமர்சகர் கூட்டத்தைப் பார்த்து மகிழ்கிறார். இரண்டு பேரும் நிற்பது தேரடியில்.

4

வீட்டில் யாராவது இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள்.

முதலில் மாடு. வண்டியில் பூட்டிய இரண்டு போக, கொட்டகையில் மிச்சம் நிற்கும். உழவுமாடு, பால்மாடு, கன்று. வேளைக்குத் தட்டை போட வேண்டும், தண்ணி காட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு வேளை தண்ணி தவறினால் மாடு கத்துகிற கத்தல் தெருவுக்கே கேட்கும். இரண்டாவது தீ. அறுப்பு முடிந்து சோளத்தட்டைப் போரும் வைக்கோற்போரும் வீட்டைச் சுற்றி நிற்கிற மாதம் அது. கூரை காய்ந்து கிடக்கும். எங்கிருந்தோ ஒரு பொறி பறந்து வந்தால் தெருவே போய்விடும். மூன்றாவது களவு. வருசத்துத் தானியம் முழுக்கக் குதிரில் இருக்கிறது. மண்சுவருக்கு ஒரு படல், இல்லாவிட்டால் ஒற்றைத் தாழ்ப்பாள். பூட்டு என்பது பெரிய வீடுகளின் சமாச்சாரம்.

இவை மூன்றும் யாராவது ஒருவரை நிற்கவைக்கும். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானித்தது வேறு. அங்கேதான் இந்தக் குடும்பம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது.

என் அப்பாயி 1940களின் கடைசியில் குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருசன் உயிரோடு இருந்தவரை ஏழெட்டுத் தடவை கல்லங்குறிச்சி போயிருக்கிறார். தாத்தா செத்த பிறகு போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கோயிலில் விதவைக்குத் தடையும் இல்லை. ஆனால் வண்டி கிளம்புகிற நேரத்தில் எதிரே வரக்கூடாது என்பது தெரிந்த விசயம். அதனால் வண்டி பூட்டுகிற சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கிளம்புகிற நேரத்தில் எதிர்ப்படவே கூடாதவர் எப்படி வண்டியில் ஏற முடியும்? தடை ஏதும் சொல்லாமலே காரியம் முடிந்துவிடுகிறது. ஒருமுறை கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. ‘எனக்கென்னடா தேரு. மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டுறது? நான் போவாததுனால தேரு நின்னா போச்சு?’ என்றார். இதில் கசப்பு இருக்கிறதா, கேலி இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போனவர்கள் அவருக்குப் பொரியும் பேரீச்சம்பழமும் துளசியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகளுக்கே பிய்த்துக் கொடுத்துவிடுவார். பொரியை மட்டும் முந்தியில் முடிந்துகொண்டு கொஞ்சங்கொஞ்சமாகத் தின்பார்.

கல்யாணமான பெண்ணுக்குத் தேரின் பொருள் முற்றிலும் வேறு. பிறந்தவீட்டுச் சனத்தைப் பார்க்கலாம். தாயும் மகளும் வருசத்தில் ஒருதரம் சந்திக்கிற இடமாக இருந்தது அந்த மரத்தடி. அண்ணன் கையில் திணிக்கிற காசுக்கு அவள் வளையல் போட்டுக்கொள்வாள், சவுரி வாங்குவாள், முறமும் கூடையும் பேரம் பேசுவாள். மாமியாரிடம் கணக்குச் சொல்லத் தேவையில்லாத காசு ஒரு பெண்ணின் கையில் இருந்த ஒரே நாள் அது என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். களியாட்டக் கோட்பாடு எதையாவது தேடுவதானால் ராட்டினத்தில் தேட வேண்டாம், இந்தக் காசில் தேடலாம். ஆனால் அதே நாளில் தூரமாகிவிட்டால் எல்லாம் போயிற்று. அடுத்த தேருக்கு ஒரு வருசம். ‘நாளைக்குத் தேருன்னா இன்னிக்கி வயித்துல கையை வச்சுக்கிட்டே திரிவோம்’ என்றார் அதே மூதாட்டி, சிரித்துக்கொண்டு.

இனி வண்டி ஓட்டியவன். பண்ணையாள் வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலும் அவன்தான் ஓட்டினான். அவன் விழாவுக்குப் போனவனா, போகாதவனா? தேரடிக்கு அரைக் கூப்பிடு தூரத்தில் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, தட்டை போட்டு, வண்டிக்குக் காவலாக அங்கேயே கிடந்தான். கட்டுச்சோற்றில் அவனுக்குப் பங்கு இலையில் வைத்துத் தள்ளிக் கொடுக்கப்பட்டது. 1961 தொகுதியின் கூட்டக் கணக்கில் அவன் ஒரு தலை. குடும்பத்தின் நினைவில் அவன் வண்டியின் ஓர் உறுப்பு. அவனுடைய பெண்டு பிள்ளைகள் வந்திருந்தால் நடந்து வந்திருப்பார்கள், பின்னால் வேறு கூட்டமாக. ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. கோயில் வாசலை அந்தச் சட்டம் திறந்தது. கூண்டுவண்டிக்குள் யார் உட்காரலாம் என்பதற்கு எந்தச் சட்டமும் வரவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேப்பூர் பக்கத்தில் ஒருவர் சொன்னார்: ‘எங்கப்பா இருவது தேரு பாத்தாரு. சாமிய மட்டும் பாத்ததில்ல.’

5

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு பழைய பிரதிக்குப் போய்வர அனுமதி வேண்டும். விழாவைத் தமிழில் மிக விரிவாக எழுதியவர்கள் இரட்டைக் காப்பியக்காரர்கள். வகுப்பில் இந்திரவிழா என்றால் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் நாளங்காடியும் அல்லங்காடியும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நகர வருணனைக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் இரண்டு காப்பியங்களும் விழாவை நிறுத்தி வைத்திருப்பது, விழாவுக்குப் போகாத பெண்களின்மேல்.

ஊரே திரண்டிருக்கிற இந்திரவிழாவின் முடிவில் கண்ணகியின் கண்ணும் மாதவியின் கண்ணும் நீர் சொரிகின்றன என்று இளங்கோ முடிக்கிறார். கண்ணகி தனித்திருக்கிறாள். அடுத்த காதையில் கோவலனும் மாதவியும் கடலாடக் கிளம்புகிறார்கள். அவன் கோவேறு கழுதை மேல், அவள் வண்டியில். வாகனம் என்ன என்பதுவரை எழுதப்பட்ட உல்லாசப் பயணம் அது. அதில் மனைவி இல்லை. அந்தப் பயணத்தில்தான் எல்லாம் முறிகிறது. புகாரின் துறைகளில் நீராடிக் காமனைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி பிறகு யோசனை சொல்லும்போதும் கண்ணகி போக மறுக்கிறாள். மணிமேகலையோ விழா அறையப்படுவதில் தொடங்குகிறது. இருபத்தெட்டு நாள் விழா. அடுத்த காதையிலேயே மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்ற செய்தி. சித்திராபதி கலங்குகிறாள், தோழியை அனுப்புகிறாள். இங்கே வராமை ஒரு முடிவு, ஓர் எதிர்ப்பு. கண்ணகியுடையது அப்படியா என்பதில் உரைகாரர்கள் கற்பு என்ற ஒரே பதிலோடு நகர்ந்துவிட்டார்கள். அவள் வீட்டில் இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நம் தமிழ்த்துறைகளில் யாரும் ஆய்வேடு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இதை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சிச் சாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி அமைதியில்லாமல் அலைந்து இங்கே வந்து தணிந்தாள் என்பது ஊர்க்கதை. கோயில் வழக்கமாகத் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன் என்றும், வந்தவளுக்கு இடத்தை விட்டுக்கொடுத்து அவள் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள் என்றும், மற்ற நாள்களில் மதுரகாளி மலைக்குப் போய் அவளோடு இருக்கிறாள் என்றும் சொல்கிறார்கள். விழாவுக்குப் போகாதவளை இந்த மண் தெய்வமாக்கி, அவளுக்கு வாரத்தில் சில நாள் வெளியே போகிற உரிமையையும் எழுதிக்கொடுத்திருக்கிறது. போகிற இடம் இன்னொரு பெண்ணின் வீடு. கதை கட்டியவர்கள் யாராக இருந்தாலும் வீட்டுக்குள் இருந்து யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

6

‘குடும்பம் முழுக்க’ப் போனது எப்போது? நான் கேட்டுத் திரட்டிய அளவில், 1980களுக்குப் பிறகுதான். அது மனமாற்றத்தால் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். எனக்குத் தெரிந்து அதைக் கொண்டுவந்தவை மூன்று பொருள்கள்.

ஒன்று பேருந்து. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 1972இல் தோன்றியபின் விழாக்காலச் சிறப்புப் பேருந்துகள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கின. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லுக்காக ஆலைகள் வந்தன. அரசு சிமெண்டு ஆலையே 1979இல் வந்துவிட்டது. லாரிகளுக்காகப் போட்ட சாலையில் பக்தர்களும் போனார்கள். மூன்று நாள் விழா உண்மையிலேயே ஒருநாள் ஆனது அப்போதுதான். பேருந்தில் எதிரே வரக்கூடாத ஆள் என்று யாரும் கிடையாது, கூட்டத்தில் எல்லாரும் எதிரேதான் வருகிறார்கள்.

இரண்டு டிராக்டர். உழவுமாடு கொட்டகையை விட்டுப் போனது. மாடு போனதும் மாடு பார்க்க ஆள் தேவைப்படவில்லை. பண்ணையாளின் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய், தேருக்கு விடுமுறையில் வந்து, தன் குடும்பத்தோடு தன் காசில் ராட்டினம் ஏறினான். மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பூட்டு. ஓட்டுவீடும் காரைவீடும் வந்து, நெல்லும் சோளமும் களத்திலேயே வியாபாரிக்கு அளக்கப்பட்டு, வீட்டில் காக்க வேண்டிய குதிர் இல்லாமல் போனபின் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு எல்லாரும் கிளம்ப முடிந்தது.

கூடவே சாமிக்குப் போகிற மூட்டையும் சிறுத்தது. சோளமும் கம்பும் விதைத்த காடுகளில் பெரும்பகுதி இன்று மக்காச்சோளமும் பருத்தியும். கோழித்தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்தைப் பெருமாளுக்கு அளப்பதா என்று ஒருவர் தயங்கினார். பக்கத்தில் நின்றவர், ‘வெளஞ்சது எதுவோ அதத்தான அளக்கணும்’ என்றார். பணமாக உண்டியலில் போடுகிறவர்களும் உண்டு. பெரம்பலூரில் 2012 முதல் புத்தகக் காட்சி நடத்தத் தொடங்கியபோது அதற்குப் ‘புத்தகத் திருவிழா’ என்று பெயர் வைத்தார்கள். அங்கேயும் குடும்பத்தோடு வருகிறார்கள், அப்பளம் தின்கிறார்கள், பிள்ளைகள் பலூன் கேட்டு அழுகின்றன. அறிவுஜீவிகள் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. கிளம்பி வந்த குடும்பம் எதையாவது தின்னும்.

ஆனால் மாடு முற்றிலும் போய்விடவில்லை. உழவுமாடு போன கொட்டகையில் கலப்பினப் பசு வந்து நின்றது. ஆவின் இணையம் 1981இல் உருவானபின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர் ஊராகப் பரவின. இந்தப் பசு காலையும் மாலையும் மணிக்குக் கறந்தாக வேண்டிய மாடு. சங்கத்தில் பால் ஊற்ற நேரம் உண்டு. ஒரு வேளை கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும், அடுத்த வாரக் காசு குறையும். உழவுமாட்டை ஆண்கள் பார்த்தார்கள். பால்மாடு பெரும்பாலும் பெண்களின் பாடு, வருகிற காசும் பல வீடுகளில் அவர்கள் பெயரில்தான் வரவாகிறது. அண்ணன் கையில் திணித்த அந்தப் பழைய காசை நினைத்தால் இது எவ்வளவோ மேல். அதற்குத் தேரடியில் அவர்கள் கொடுக்கிற விலையை எந்தத் தேரோட்டத்திலும் பார்க்கலாம். மத்தியானம் இரண்டு, இரண்டரைக்கு மரத்தடியிலிருந்து பெண்கள் எழுந்து சேலையை உதறுகிறார்கள். தேர் இன்னும் நிலைக்கு வந்திருக்காது. புருசனும் பிள்ளைகளும் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்பார்கள். ‘நீங்க இருந்து பாத்துட்டு வாங்க, நான் போயி பீச்சி ஊத்திர்றேன்’ என்று சொல்லிவிட்டு, பொரிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூன்று மணிப் பேருந்தைப் பிடிக்க நடக்கிறார்கள்.